வேளாண்மை ஆராய்ச்சியில் பெண்மக்கள்: ஊராட்சிகளும் உழவர்களும் ஆற்ற வேண்டிய பணி

ஓர் ஊரில் புதிய நெல் ரகம் பரவுகிறது என்றால், அதன் பின்னே ஏறத்தாழப் பத்து ஆண்டுகளின் உழைப்பு அடங்கியிருக்கிறது. தாயாகத் தேர்ந்த கதிரில், ஒவ்வொரு பூவினுள்ளும் உள்ள ஆறு மகரந்தப் பைகளையும் அவை வெடிப்பதற்கு முன்பே நுனிக் கத்தரியும் ஊசியும் கொண்டு நீக்கவேண்டும். பின்னர் தந்தைப் பயிரின் மகரந்தத்தை அதன்மேல் தூவி, உறையிட்டுக் காக்கவேண்டும். இவ்வாறு கிடைக்கும் சில மணிகளை விதைத்து, ஆறு ஏழு தலைமுறைகள் வரை நல்லவற்றைத் தெரிந்தெடுத்து, ஆராய்ச்சி நிலையத்திலும் பல ஊர்களிலும் சோதித்து, முடிவில் உழவர் வயல்களில் திடல் அமைத்துப் பார்த்த பிறகே ஒரு ரகம் வெளியிடப்படுகிறது. பொறுமையும் கூர்ந்த பார்வையும் மிகுதியாக வேண்டப்படும் பணி இது.

நம் வயல்களில் நாற்று நடுவதும், களை எடுப்பதும், விதையைப் புடைத்துப் பானையில் சேமிப்பதும் பெரும்பாலும் பெண்மக்களே. ஆயினும் எந்தப் பயிரை ஆராய்வது, எந்தக் குணத்தைத் தேடுவது, எந்தக் கருவியைச் செய்வது என்று முடிவு செய்யும் இடங்களில் அவர்கள் குறைவாகவே அமர்ந்திருக்கிறார்கள். இது யாருக்கு நட்டம்? இதனை மாற்றுவதில் ஊராட்சிக்கும் உழவர் குடும்பத்துக்கும் என்ன பங்கு உண்டு? இவ்விரு வினாக்களையும் இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. ஆராய்ச்சியில் பெண்கள் ஏன் வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன் நம் வட்டாரத்தில் ஒரு நிலக்கடலைச் செயல்விளக்கத் திடலின் அறுவடை நாளன்று நாம் உடனிருந்தோம். கூடியிருந்த உழவர்கள் ஏக்கருக்குக் கிடைத்த மகசூலைக் கேட்டு மகிழ்ந்தார்கள். நாமும் அதனைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டு புறப்பட ஆயத்தமானோம். அப்போது, விழாவைக் காண வந்திருந்த பெண் ஆராய்ச்சியாளர் ஒருவர், வரப்பின் மறுபுறம் காய் பறித்துக்கொண்டிருந்த பெண்களோடு அமர்ந்து பேசத் தொடங்கினார். “மகசூல் சரிதானுங்க. ஆனா செடியைப் பிடுங்கும்போது விழுது அறுந்து காய் மண்ணிலேயே நின்னுபோகுது. மறுபடி கொத்தி எடுக்கிறது நாங்கதானே?” என்றார் ஒரு மூதாட்டி. மண் காய்ந்த நிலையில் அறுவடை செய்யும் மானாவாரி உழவருக்கு இது சிறிய குறையன்று. காயும் வீணாகிறது, கூலியும் இருமடங்காகிறது. நாம் வைத்திருந்த படிவத்தில் இதனைக் குறிக்க ஓர் இடமே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்ற எண்ணமும் நமக்குத் தோன்றவில்லை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய செய்தியன்று. ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டா நாட்டில் அவரை இனத்தைச் சேர்ந்த பீன்ஸ் முக்கிய உணவாகும். அதனைப் பயிரிடுவதில் கைதேர்ந்தவர்கள் அந்நாட்டுப் பெண்கள். 1980-களின் இறுதியில் தொடங்கிய ஒரு முயற்சியில், ஆராய்ச்சி நிலையத்தார் அப்பெண்களைத் தம் சோதனைத் திடல்களுக்கே அழைத்து, வளர்ந்து நின்ற ரகங்களிலிருந்து தங்கள் நிலத்துக்கு ஏற்றவற்றைப் பொறுக்கச் செய்தார்கள். மண்வளக் குறைவு, வாழைத் தோப்பின் நிழல், சமையலுக்கு ஆகும் நேரம் முதலியவற்றையெல்லாம் மனத்தில் கொண்டு அவர்கள் தேர்ந்தெடுத்த ரகங்கள் ஊர் வயல்களில் நல்ல பலன் அளித்தன. அந்த முயற்சியை நடத்தியவர்களில் முதன்மையானவர் லூயிஸ் ஸ்பெர்லிங் என்ற பெண் ஆராய்ச்சியாளர் என்பதும் கருதத்தக்கது.

மற்றொரு சான்றையும் காண்போம். மக்காச்சோளத்தில் லைசின், டிரிப்டோபன் என்ற இரு புரதக் கூறுகள் குறைவு. அதனையே முக்கிய உணவாகக் கொள்ளும் ஏழைக் குடும்பத்துக் குழந்தைகள் ஊட்டக் குறைவால் நலிவதற்கு இது ஒரு காரணம். இவ்விரு கூறுகளும் மிகுந்த ஒருவகை மக்காச்சோளம் 1960-களில் கண்டறியப்பட்டது. ஆனால் அதன் மணி மிருதுவாக இருந்தது, விளைச்சலும் குறைவு, பூச்சியும் எளிதில் தாக்கியது. மெக்சிகோ நாட்டைச் சேர்ந்த இவாஞ்செலினா வில்லெகாஸ் என்ற பெண்மணி தானிய வேதியியல் அறிஞர். இந்தியரான சுரிந்தர் வாசல் பயிர்ப் பெருக்க அறிஞர். இருவரும் சேர்ந்து பல ஆண்டுகள் உழைத்தனர். ஒருவர் கலப்பினம் செய்ய, மற்றவர் ஒவ்வொரு மாதிரியின் புரதத் தரத்தையும் கூடத்தில் சோதித்துக் கூற, புரதம் குறையாமலே மணி உறுதியும் விளைச்சலும் கொண்ட ரகங்கள் உருவாயின. இதற்காக 2000-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு இருவருக்கும் வழங்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதற் பெண்மணி வில்லெகாஸ் அம்மையாரே.

ஆண் அறிஞர் இவற்றைச் செய்ய முடியாது என்பது நம் கருத்தன்று. வீட்டின் ஒரு சாளரத்தை மட்டும் திறந்து வைத்தால் பாதி வெளிச்சமே கிடைக்கும் என்பதே நாம் கூற வருவது.

2. கோயம்புத்தூர் கண்ட ஓர் அம்மையார்

நம் மாநிலத்தோடு தொடர்புடைய ஒரு வரலாற்றை ஒவ்வொரு பள்ளி மாணவியும் அறிந்திருத்தல் நன்று. 1897-ஆம் ஆண்டு, அன்றைய சென்னை மாகாணத்தின் மலபார் பகுதியிலிருந்த தலைச்சேரியில் பிறந்தவர் ஜானகி அம்மாள். சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, உதவித்தொகை பெற்று அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். பெண்கள் எழுதப் படிக்கக் கற்பதே அரிதாயிருந்த காலம் அது.

1912-இல் கோயம்புத்தூரில் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையம், தித்திப்பு மிகுந்த கரும்பையும் வறட்சி தாங்கும் காட்டுக் கரும்பினத்தையும் கலந்து உலகப் புகழ்பெற்ற ரகங்களை அளித்துவந்தது. அந்நிலையத்தில் 1934 முதல் 1939 வரை மரபியல் அறிஞராகப் பணியாற்றிய ஜானகி அம்மாள், கரும்பின் மரபுத் திரிகளை ஆராய்ந்தார். கரும்பை மக்காச்சோளம் போன்ற வேற்றுப் பயிர்களோடும் கலந்து புதிய கலப்பினங்களை உண்டாக்கினார். 1935-இலேயே இந்திய அறிவியல் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இருந்தும், ஆண்களே நிறைந்த அக்காலப் பணிச் சூழலில், திருமணமின்றித் தனித்து வாழ்ந்த பெண்மணி என்பதாலும் பிறப்பாலும் அவர் பல இன்னல்களை அடைந்ததாக அவர் வரலாற்றை எழுதியோர் குறித்துள்ளனர். 1939-இல் இங்கிலாந்து சென்ற அவர் 1951 வரை அங்கேயே பணி செய்தார். பயிர்களின் மரபுத் திரி எண்ணிக்கையைத் தொகுத்துக் கூறும் பெருநூலொன்றை டார்லிங்டன் என்ற அறிஞரோடு சேர்ந்து 1945-இல் வெளியிட்டார். பின்னர் பிரதமர் நேரு அழைத்ததன்பேரில் தாயகம் திரும்பி, இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பணியை ஏற்றார். 1977-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1984-இல் சென்னையை அடுத்த மதுரவாயலில் காலமாகும் வரை ஆராய்ச்சியை அவர் விடவில்லை.

அவருடைய மேன்மையை நாம் போற்றுகிறோம். ஆனால் ஒரு கேள்வியையும் நமக்குள் கேட்டுக்கொள்ளவேண்டும். அவரைப்போன்ற மன உறுதி எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. அத்தகைய உறுதி இல்லாத, ஆனால் அறிவு நிரம்பிய பெண்கள் எத்தனைபேர் வழியிலேயே நின்றுவிட்டார்கள்? வீரம் உள்ளவர் மட்டுமே ஏறக்கூடிய ஏணி நல்ல ஏணி ஆகுமா?

3. மேற்படிகளில் எண்ணிக்கை ஏன் குறைகிறது?

இன்று வேளாண்மைக் கல்லூரி வகுப்பறைகளில் மாணவியர் நிறைந்திருப்பதைக் காண்கிறோம். ஆனால் முதுநிலைப் பட்டம், முனைவர் பட்டம், உதவிப் பேராசிரியர், பேராசிரியர், நிலையத் தலைவர் என்று படிகள் உயர உயரப் பெண்கள் குறைகிறார்கள். ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் 2007-08-ஆம் ஆண்டளவில் எடுத்த கணக்கு இதனைத் தெளிவாகக் காட்டியது. வேளாண்மை ஆராய்ச்சியாளரில் நால்வருக்கு ஒருவர் பெண். ஆராய்ச்சித் தலைமைப் பதவிகளிலோ எழுவருக்கு ஒருவரே பெண். இதற்குரிய காரணங்கள் நான்கு.

முதலாவது, பருவம். பயிர் யாருக்காகவும் காத்திராது. பூக்கும் வாரத்தில் ஆராய்ச்சியாளர் வயலில் இல்லாவிட்டால் அந்தப் பருவமே கைவிட்டுப் போகும். மகப்பேற்றுக்காக ஆறு திங்கள் விடுப்பு எடுப்பவர், ஆய்வில் ஓராண்டை இழக்க நேரிடலாம். ஆராய்ச்சியாளர் தம் பெயரை நிலைநாட்டும் இருபத்தைந்து முதல் முப்பத்தைந்து வரையுள்ள வயதே, திருமணமும் மகப்பேறும் நிகழும் வயதாகவும் அமைகிறது.

இரண்டாவது, இடம். ஆராய்ச்சிப் பண்ணைகள் பெரும்பாலும் ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் உள்ளன. விடியலிலும் அந்தியிலும் வயலில் இருக்கவேண்டும். பேருந்து வசதியும், வயல் அருகே கழிப்பறையும் இல்லையென்றால் ஆண் ஒருவாறு சமாளிப்பான். பெண் என் செய்வாள்?

மூன்றாவது, வழிகாட்டுதல். எந்த ஆராய்ச்சி நிதிக்கு எப்படி விண்ணப்பிப்பது, எந்தக் கருத்தரங்கில் யாரைக் காண்பது என்பவை தேநீர் நேரத்துப் பேச்சில் கைமாறும் செய்திகள். அந்தப் பேச்சு வட்டத்துக்குள் பெண்கள் எளிதில் சேர்வதில்லை.

நான்காவது, குடும்பம். கணவனுக்கு மாற்றல் வந்தால் மனைவி வேலையைத் துறக்கிறாள். மனைவிக்கு உயர்வு வந்தாலோ அதனை மறுத்துவிடும்படி கூறப்படுகிறது.

4. நாம் செய்த ஒரு பிழை

இவ்விடத்தில் நம் பிழையொன்றையும் மறைக்காமல் கூறுவது முறை. பத்து ஆண்டுகளுக்கு முன், மூன்று ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருந்த ஓர் உழவரின் மகள் வேளாண்மையில் முதுநிலைப் பட்டம் பெற்றாள். கம்புப் பயிரைத் தாக்கும் அடிச்சாம்பல் நோயைப் பற்றி அவள் ஆய்வு செய்திருந்தாள். முனைவர் பட்டப் படிப்புக்கும் இடம் கிடைத்தது. தந்தையார் நம்மிடம் வந்து, “இன்னும் மூணு நாலு வருஷம் படிக்கணுமாம். வயசு ஏறிப்போகுமே. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அப்படியே செய்யறேன்” என்றார். சேரவேண்டிய கடைசி நாளுக்கு ஒரு வாரமே இருந்தது. நாம் அதிகம் யோசியாமல், “பக்கத்தில் ஏதேனும் வேலை கிடைத்தால் அதுவே போதுமே” என்றோம். நல்லது சொன்னதாகவே அன்று எண்ணினோம்.

இன்று அப்பெண்மணி அருகிலுள்ள சிற்றூரில் ஓர் உரக்கடையில் கணக்கெழுதுகிறார். சென்ற ஆண்டு அவ்வழியே சென்றபோது, நான்கைந்து உழவர்கள் நோய் கண்ட கம்புத் தோகைகளோடு அக்கடை வாயிலில் நிற்கக் கண்டோம். உர மூட்டைகளுக்கு நடுவே நின்று, தோகையின் அடிப்புறத்தைத் திருப்பிக் காட்டி, விதை நேர்த்தி முதற்கொண்டு அவர் விளக்கிய முறை நம்மை நாணச் செய்தது. நம்மைக் கண்டதும் வணங்கி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். குறையாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் நம் மனச்சுமை சற்றே குறைந்திருக்கும்.

ஓர் அலுவலர் யோசியாமல் கூறிய ஒரு வார்த்தை, ஒரு வட்டாரத்துக் கம்பு வயல்களுக்கே நட்டமாகலாம். ஆகவே, ஊரில் சொல்லுக்கு மதிப்புள்ள ஒவ்வொருவரும் இத்தகைய நேரத்தில் நிதானித்துப் பேச வேண்டும்.

5. பிற நாட்டிலும் நம் நாட்டிலும் செய்யப்பட்டவை

ஆப்பிரிக்காவில் நைரோபி நகரைத் தலைமையிடமாகக் கொண்டு 2008-இல் ‘அவார்டு’ என்ற திட்டம் தொடங்கப்பட்டது. வேளாண்மை ஆராய்ச்சியிலுள்ள பெண்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் அனுபவம் முதிர்ந்த அறிஞர் ஒருவரை வழிகாட்டியாக அமர்த்தினார்கள். கட்டுரை எழுதுதல், நிதி கோருதல், தலைமை தாங்குதல் ஆகியவற்றில் பயிற்சி அளித்தார்கள். இதில் சிறந்த கூறு ஒன்று உண்டு. உதவி பெற்ற பெண், தனக்கு இளைய ஒருத்திக்குத் தானும் வழிகாட்ட வேண்டும். விளக்கிலிருந்து விளக்கேற்றுவது போன்ற முறை இது.

நம் நாட்டில், குடும்பக் காரணங்களால் பணியை இடையில் நிறுத்திய பெண்கள் மீண்டும் ஆராய்ச்சிக்குத் திரும்புவதற்கென மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03-இல் உதவித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மகப்பேற்று விடுப்பு 2017-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் 26 வாரமாக உயர்ந்தது. ஐம்பது பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடங்களில் குழந்தைக் காப்பகம் இருக்கவேண்டும் என்றும் அத்திருத்தம் விதித்தது. பணியிடங்களில் பெண்களுக்கு இழைக்கப்படும் பாலியல் தொல்லைகளை விசாரிக்கப் புகார்க் குழு அமைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியது. வேளாண்மையில் ஈடுபட்ட பெண்களின் தேவைகளை ஆராய்வதற்கென்றே 1996-இல் புவனேசுவரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. ஐக்கிய நாடுகள் அவையும் 2026-ஆம் ஆண்டைப் பெண் உழவருக்குரிய சர்வதேச ஆண்டாக அறிவித்தது.

சட்டமும் திட்டமும் வாய்க்கால் போன்றவை. வாய்க்காலில் தண்ணீர் வந்தாலும் மடையைத் திறப்பவர் ஊரில் இருக்கவேண்டும்.

6. ஊராட்சிகளும் உழவர்களும் செய்யத்தக்கவை

(1) பத்தாம் வகுப்பு முடித்து அறிவியற் பாடம் எடுக்க விரும்பும் ஊர்ப் பெண்களின் பட்டியலைத் தலைமையாசிரியரிடமிருந்து ஆண்டுதோறும் பெறுக. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தோருக்கு வேளாண்மை முதலிய தொழிற் படிப்புகளில் 7.5 விழுக்காடு இடங்களை 2021-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது. அத்தகைய பள்ளிகளில் பயின்று உயர்கல்விக்குச் செல்லும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் திட்டம் 2022-இல் தொடங்கப்பட்டது. விண்ணப்பிக்கும் நாள், வேண்டிய சான்றிதழ்கள் ஆகியவற்றைப் பள்ளியில் கேட்டறிந்து, கிராம சபையில் படித்துக் காட்டுக. சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவை தாமதமானால், பின்தொடர்ந்து பெற்றுத் தருக.

(2) வேளாண்மை அறிவியல் நிலையங்களை ஊர் பயன்படுத்திக்கொள்க. இத்தகைய நிலையங்களில் நாட்டிலேயே முதலாவது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. இன்று மாவட்டந்தோறும் அவை பரவியுள்ளன. அங்குள்ள பெண் அறிவியலாளரைக் கிராம சபைக்கும் பள்ளி விழாவுக்கும் அழைத்துப் பேசச் செய்க. ‘இவரைப்போல நானும் ஆவேன்’ என்று ஒரு சிறுமி எண்ணுவதற்கு, அப்படி ஒருவரை அவள் கண்ணால் காணவேண்டும்.

(3) சோதனைத் திடல் அமைக்க நிலம் தரும் உழவர்கள், ஆராய்ச்சியாளர் பெண்ணாயின் அவருக்குரிய மரியாதையைக் காத்தல் கடமை. “பெரிய அலுவலர் யாரும் வரவில்லையா?” என்ற கேள்வியை விடுக. அருகிலுள்ள வீட்டிலோ ஊராட்சிக் கட்டடத்திலோ கழிப்பறை வசதியும், ஓய்வுக்கு இடமும் செய்து தருக.

(4) வயல் விழாக்களைப் பெண்கள் வரக்கூடிய நேரத்தில் வைக்கவேண்டும். காலை பத்து மணிக்கு விழா என்றால் களையெடுப்போர் எவ்வாறு வருவர்? விழாவில் அவர்கள் கருத்தைத் தனியே கேட்டுப் பதிவு செய்தல் நலம். அடித்தல் எளிதா, காய் உதிர்கிறதா, சோறு மறுநாளைக்கு நிற்குமா, வைக்கோலை மாடு விரும்புமா, களைக்கருவி பெண்கள் கைக்கு இலேசாக உள்ளதா என்பவை ஒவ்வொரு திடலிலும் கேட்கத்தக்கவை.

(5) மேற்படிப்பையும் திருமணத்தையும் பகையாக்க வேண்டாம். வரன் பேசும்போதே பெண்ணின் படிப்பும் பணியும் தொடரும் என்பதைத் தெளிவாகப் பேசி முடிக்கலாம். ஆராய்ச்சிப் பணியில் உள்ள மருமகள் வாய்த்த குடும்பம், நடவுக் காலத்திலும் பூக்கும் காலத்திலும் குழந்தையைப் பார்த்துக்கொண்டால், அது நாட்டுக்குச் செய்த தொண்டே ஆகும்.

நம் மாநில ஊராட்சிகளில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் 2016-இல் இயற்றப்பட்டது. அதனால் விளைந்த நன்மையொன்றைச் சென்ற ஆண்டு நேரில் கண்டோம். வேளாண்மைப் பட்டப் படிப்புக்கு இடம் கிடைத்தும், விடுதிக்கு அனுப்பத் தயங்கிய ஒரு தாயிடம், அவ்வூரின் முன்னாள் தலைவியார் இரண்டு நாள் சென்று பேசினார். “நான் தலைவியா நிக்கிறப்ப இப்படித்தான் ஊரே பயந்துச்சு. என்ன குறைஞ்சு போச்சு?” என்று கேட்டதோடு நில்லாமல், மூன்றாம் நாள் தாயையும் மகளையும் அழைத்துக்கொண்டு பேருந்தில் சென்று, விடுதி அறையையும் சமையற்கூடத்தையும் காட்டிவிட்டு வந்தார். அப்பெண் சேர்ந்துவிட்டாள். அன்று நாம் செய்யத் தவறியதை அந்த அம்மையார் செய்து காட்டினார். ஒரு பேருந்துப் பயணத்துக்கு ஆன செலவு எவ்வளவு? அதனால் நாடு பெறப்போகும் வரவைக் கணக்கிட முடியுமா?

விதைக்கும் நாளில் விதைக்காமல் அறுவடை நாளில் வருந்திப் பயனில்லை என்பதை உழவருக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர்ப் பெண் ஒருத்தி நாளை உருவாக்கப்போகும் ரகத்தின் முதல் விதை, இன்று நாம் சொல்லும் ஒரு நல்ல வார்த்தையாக இருக்கட்டும்.

கிராம சபையில் கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. சென்ற மூன்று ஆண்டுகளில் நம் ஊரிலிருந்து எத்தனை பெண்கள் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பயின்றார்கள்? அவர்களில் எத்தனை பேர் மேற்படிப்புக்குச் சென்றார்கள்? செல்லாதவர்கள் நின்றதற்குக் காரணம் என்ன?

2. நம் ஊரில் கடைசியாக நடந்த வயல் விழாவில் எத்தனை பெண்கள் பேசினார்கள்? அவர்கள் கூறியது பதிவு செய்யப்பட்டதா?

3. நம் ஊரில் வேளாண்மை படித்துவிட்டு வீட்டிலிருக்கும் பெண்கள் உண்டா? அவர்கள் ஆராய்ச்சிக்கோ பணிக்கோ திரும்ப நாம் செய்யக்கூடிய உதவி யாது?

4. அடுத்த பருவத்தில் சோதனைத் திடல் அமைக்க முன்வரும் உழவர் யார்? வரும் ஆராய்ச்சியாளருக்கு நாம் செய்துதரும் வசதிகள் எவை?